டாரதியைத் தேடிய பட்டாளம்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் துப்பறியும் பிரிவுக்கு ஒரு பலமான துப்பு கிடைத்தது. சிகாகோ வட்டாரத்தில் சிலர் தங்களை ‘டாரதியின் சிநேகிதன்’ என்று சொல்லிக்கொள்கிறார்களாம். அப்படிச் சொல்லிக்கொள்கிற அத்தனை பேரும் தன்பாலீர்ப்பாளர்களாம். அதிகாரிகள் கூடி உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இத்தனை பேருக்குச் சிநேகிதி என்றால் அந்த டாரதி லேசுப்பட்டவளாக இருக்க முடியாது. கூட்டத்துக்கே தலைவி அவள்தான். அவளைப் பிடித்து நாலு அதட்டு அதட்டினால், கடற்படையில் ஒளிந்திருக்கும் அத்தனை பேரின் பட்டியலும் கைக்கு வந்துவிடும்.

கிளம்பினார்கள். சிகாகோவின் பார்களில் ஏறி இறங்கினார்கள். டாரதியைத் தெரியுமா, டாரதி எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தார்கள். சர்க்கார் சம்பளம், சர்க்கார் பெட்ரோல்.

டாரதி கிடைக்கவில்லை. ஏனென்றால் அவள் 1939-ல் வந்த ‘தி விஸார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில், சூறாவளியில் வீட்டோடு சேர்ந்து பறந்துபோன சிறுமி. ஜூடி கார்லண்ட் நடித்த வேஷம். வெளிப்படையாகப் பேசினால் வேலை போய்விடும் என்ற காலத்தில், ‘நம்ம ஆளா?’ என்று விசாரிக்க அமெரிக்காவின் தன்பாலீர்ப்பாளர்கள் வைத்திருந்த சங்கேத வார்த்தைதான் அந்தப் பெயர். நம்ம ஊர் இன்ஸ்பெக்டர் ஒருவர் சந்திரமுகியைக் கைது செய்ய வேட்டையபுரம் அரண்மனைக்கு வாரண்டோடு போன மாதிரி இருக்கிறதல்லவா? ராண்டி ஷில்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் 1993-ல் எழுதிய ‘கான்டக்ட் அன்பிகமிங்’ என்ற தடித்த புத்தகத்தில் இந்த வேட்டை பதிவாகியிருக்கிறது. அதில் இருப்பவற்றில் இதுவே பெரிய கூத்து என்றும் சொல்லிவிட முடியாது.

அமெரிக்கப் பட்டாளத்துக்கு இந்த வியாதி பிறவியிலேயே வந்தது. 1777-78 குளிர்காலத்தில், பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை கூடாரம் போட்டிருந்தது. படை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். காலில் ஜோடு இல்லை, வயிற்றில் சோறு இல்லை. துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட்டைக் கறி சுடுகிற கம்பியாகத்தான் அவர்களுக்குத் தெரியும். இவர்களை வைத்துக்கொண்டு உலகத்திலேயே பெரிய சாம்ராஜ்யத்தை எதிர்க்க வேண்டும்.

1778 பிப்ரவரி 23-ல் அந்த முகாமுக்கு ஒரு மகானுபாவர் வந்து சேர்ந்தார். ஃப்ரீட்ரிஷ் வான் ஸ்டூபன். பிரஷ்யாக்காரர், பிரபு, கூடவே அஸோர் என்று ஒரு நாய். பாரீஸில் அவரைப் பிடித்து அனுப்பியவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். வெறும் கேப்டனாக இருந்து வேலை போன மனிதரை, ‘பிரஷ்ய மன்னரின் லெப்டினன்ட் ஜெனரல்’ என்று சிபாரிசுக் கடிதத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பயோடேட்டாவில் நாலு வருட அனுபவத்தைக் கூட்டிப் போடுகிற நம் பிள்ளைகள் இனிமேல் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் அவருக்கு வேலை கிடைக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி மொட்டைக் கடிதம் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. கடைசிவரை மனிதர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு இளம் அதிகாரிகளைப் பிள்ளைகளாக வரித்துக்கொண்டு சொத்தை அவர்கள் பேருக்கே எழுதிவைத்தார். தன்பாலீர்ப்பாளர்தான் என்கிறார்கள் சரித்திர ஆசிரியர்களில் பலர். கையும் களவுமாக ஆதாரம் எங்கே என்கிறார்கள் சிலர். வாஷிங்டன் இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. ஸ்டூபனும் சொன்னதாகத் தெரியவில்லை. வேண்டியிருந்தது ஒரு டிரில் மாஸ்டர், வந்தவருக்கு டிரில் தெரிந்திருந்தது.

ஆங்கிலம்தான் தெரியவில்லை. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் திட்டித் தீர்த்துவிட்டு, சிப்பாய்களுக்கு அது ஏறவில்லை என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்த உதவியாளரைக் கூப்பிட்டு, ‘எனக்காக இவனுங்களை இங்கிலீஷில் திட்டுய்யா’ என்பாராம். அந்த வசவிலிருந்துதான் அமெரிக்க ராணுவம் பிறந்தது. அவர் எழுதிய ஒழுங்குமுறை நூல் 1812-ல் தொடங்கிய போர்க்காலம் வரை புழக்கத்தில் இருந்தது. வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் அவருக்குச் சிலையும் உண்டு.

இப்போது அதே முகாம், அதே வருடம், மார்ச் 10. ஸ்டூபன் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது. ஃப்ரெடரிக் என்ஸ்லின் என்ற லெப்டினன்ட், ஒரு சிப்பாயோடு உறவுகொள்ள முயன்றதாகக் கோர்ட் மார்ஷலில் நிறுத்தப்பட்டார். தீர்ப்பை வாஷிங்டன் அருவருப்போடு அங்கீகரித்தார். முகாமில் இருந்த மேளக்காரர்கள், குழல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வாசித்து, அந்த மனிதரை அணிவகுப்பின் முன்னால் நடத்தி, ஸ்கூயில்கில் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். ஆக, ஒருவருக்கு மேளம் கொட்டி வெளியே அனுப்பினார்கள், இன்னொருவரிடம் நடை பழகினார்கள். இரண்டும் ஒரே மைதானத்தில், ஒரே மாதத்தில் நடந்தன.

1919-க்கு வருவோம். ரோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட் துறைமுகத்தில் ‘அந்த மாதிரி’ கடற்படைக்காரர்கள் நடமாடுகிறார்கள் என்று புகார். கண்டுபிடிக்க என்ன வழி? முன்னாள் துப்பறிவாளரான ஓர் அதிகாரி அருமையான யோசனை சொன்னார். பார்க்க லட்சணமாக இருக்கும் இளம் மாலுமிகளைத் தேர்ந்தெடுத்து, தூண்டிலாக அனுப்புவோம். எதுவரை போகலாம் என்று பையன்கள் கேட்டிருப்பார்கள். ஆதாரம் கிடைக்கும்வரை என்று பதில் வந்திருக்கும். பையன்கள் கடமையில் குறை வைக்கவில்லை. முழுவதும் போய்விட்டு வந்து, என்ன நடந்தது என்று வரிவரியாக ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார்கள். கடற்படை அதை வாங்கி ஃபைல் போட்டது. ஒழுக்கத்தைக் காக்க, ஒழுக்கக்கேட்டையே டியூட்டியாகப் போட்டுக் கொடுத்த ராணுவம் உலகத்தில் வேறு இருந்ததா தெரியவில்லை. இந்த ஏற்பாட்டுக்கு அனுமதி கொடுத்த கடற்படைத் துணைச் செயலாளரின் பெயர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1921-ல் செனட் துணைக்குழு அவரைக் கிழித்துத் தொங்கவிட்டது. அச்சிட லாயக்கில்லாத விவரங்கள் என்று நியூயார்க் டைம்ஸ் தலைப்பிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டது. பதினொரு வருடம் கழித்து ஜனங்கள் அவரையே ஜனாதிபதியாக்கினார்கள்.

இரண்டாம் உலகப்போரில் இந்த வேலை டாக்டர்களிடம் போனது. பெண்களைப் பிடிக்குமா என்று கேட்டார்கள். பிடிக்கும் என்றவனை யுத்தத்துக்கு அனுப்பினார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குச்சியை விட்டு, குமட்டுகிறதா இல்லையா என்று பார்த்து ஆளைத் தரம் பிரிக்கப் பார்த்தார்கள். அதை ஆராய்ச்சிக் கட்டுரையாகவும் போட்டார்கள். இதற்குமேல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண்டகன் முட்டாள்கள் கூடாரம் அல்ல. அவ்வப்போது அதற்கே சந்தேகம் வரும்: இவர்களால் உண்மையிலேயே ஆபத்து உண்டா? உடனே ஒரு கமிட்டி போடும். 1957-ல் கடற்படை போட்ட கிரிட்டெண்டன் கமிட்டி, இவர்களால் ரகசியங்களுக்கு ஆபத்து என்பதற்குத் தரவு எதுவும் இல்லை என்றது. அந்த அறிக்கையையே ரகசியமாக்கி, 1976 வரை வெளியே விடவில்லை. 1988-ல் பெண்டகனின் சொந்த ஆய்வு மையம் ஒன்று ஏறக்குறைய அதையே சொன்னது. மேலிடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. 1993-ல் 13 லட்சம் டாலர் கொடுத்து ரேண்ட் நிறுவனத்திடம் கேட்டார்கள். யார் யாரை விரும்புகிறார்கள் என்பதற்கும் பட்டாள வேலைக்கும் சம்பந்தமில்லை என்று சுமார் ஐந்நூறு பக்கத்துக்குப் பதில் வந்தது. கமிஷன் அறிக்கைகள் எந்தப் பீரோவில் தூங்கும் என்று தமிழ் வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பீரோவின் கம்பெனிதான் வேறு.

அறிக்கைகளைப் பூட்டலாம், ஆளைப் பூட்ட முடியுமா? 1975-ல் லெனார்ட் மாட்லோவிச் என்ற விமானப்படை சார்ஜென்ட் தன் மேலதிகாரியிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். வியட்நாமில் போரிட்டவர், பதக்கங்கள் வாங்கியவர், படைக்குள் இனவெறிக்கு எதிராக வகுப்பு எடுத்தவர். கடிதத்தில், தான் தன்பாலீர்ப்பாளர் என்று எழுதியிருந்தார். சில மாதங்களில் சீருடையோடு ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் வந்துவிட்டார். விமானப்படை பேரம் பேசியது: இனிமேல் அப்படி நடக்க மாட்டேன் என்று எழுதிக் கொடு, இருந்துகொள். லேட்டாக வந்த மாணவனிடம் ஹெட்மாஸ்டர் வாங்குகிற மாதிரி ஒரு மன்னிப்புக் கடிதம். அவர் மறுத்துவிட்டார், வெளியே அனுப்பினார்கள்.

வழக்கு நடந்தது. விமானப்படையின் விதியில் ‘விதிவிலக்கான சூழ்நிலையில் வைத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அது என்ன சூழ்நிலை, கொஞ்சம் விளக்குங்கள் என்றது கோர்ட். விளக்கத் தெரியவில்லை. வருடக்கணக்கில் தெரியவில்லை. 1980-ல் நீதிபதி பொறுமையிழந்து, ஆளைத் திரும்ப எடுங்கள் என்றார். திரும்ப எடுப்பதைவிடப் பணம் கொடுப்பது மேல் என்று 1,60,000 டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அவர் 1988-ல் காலமானார். வாஷிங்டனில் காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் தனக்கு முன்கூட்டியே வாங்கிவைத்த கல்லில், இரண்டு பேரைக் கொன்றதற்கு மெடல் கொடுத்த பட்டாளம் ஒருவனை நேசித்ததற்கு வெளியே அனுப்பியது என்று பொறிக்கச் செய்திருந்தார். கல்லில் பெயர் இல்லை, ‘தன்பாலீர்ப்பாளரான ஒரு வியட்நாம் வீரர்’ என்பதுதான். பக்கத்திலேயே யார் படுத்திருக்கிறார் தெரியுமா? அரசாங்க வேலையில் இருந்த தன்பாலீர்ப்பாளர்களைத் தேடித்தேடிப் பட்டியல் போட்ட எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர். அக்கம்பக்கம் பார்த்து மனை வாங்குவது என்றால் இதுதான்.

1990-ல் அட்லாண்டிக் கடற்படையின் வைஸ் அட்மிரல் ஒருவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கப்பலில் இருக்கும் லெஸ்பியன்களை விடாமல் விசாரித்து வெளியேற்ற வேண்டும் என்பது உத்தரவு. அடையாளம் எப்படி? அவர்கள் கடுமையாக உழைப்பார்கள், வேலையில் முன்னேறத் துடிப்பார்கள், நேரம் பார்க்காமல் இருப்பார்கள், படைப்பிரிவிலேயே சிறந்தவர்களாக இருப்பார்கள் என்று அவரே எழுதியிருந்தார். அதைப் படித்த எத்தனை பேர் அன்று சாயங்காலம் நாலு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினார்களோ.

1993-ல் பில் கிளின்டன் வந்தார். தடையை நீக்குவேன் என்று தேர்தலில் சொல்லியிருந்தார். தேர்தலில் சொன்னதைச் செய்யப் பார்ப்பது எவ்வளவு பெரிய பிழை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டார். முப்படைத் தளபதி காலின் பவல் முறைத்தார். செனட் ராணுவக் குழுத் தலைவர் சாம் நன், கிளின்டனின் சொந்தக் கட்சிக்காரர், காமிராக்களோடு நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போய் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இறங்கினார். மூன்றடுக்காக இருக்கும் பங்க் படுக்கைகளுக்கு நடுவே குனிந்துகொண்டு, பக்கத்தில் படுத்திருப்பவன் அந்த மாதிரி ஆள் என்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று மாலுமிப் பையன்களிடம் கேட்டார். அந்தப் படுக்கையில் யார் படுத்தாலும் மூச்சு முட்டும் என்பதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நாடாளுமன்ற விவாதம் முழுக்கக் குளியலறையைச் சுற்றியே நடந்தது. அணுகுண்டு வைத்திருக்கும் வல்லரசு ஷவருக்குப் பயந்தது.

கடைசியில் ஒரு சமரசம். சமூகவியல் பேராசிரியர் சார்லஸ் மாஸ்கோஸ் சொன்ன யோசனை: ‘கேட்காதே, சொல்லாதே.’ பட்டாளம் கேட்காது, நீயும் சொல்லாதே. இருந்துகொள், ஆனால் இல்லாத மாதிரி இருந்துகொள். வாடகைக்கு வீடு தேடும்போது ‘சைவம்தானே?’ என்று கேட்காமலேயே சாவியைக் கொடுத்துவிட்டு, குழம்பு வாசனை வந்தால் காலி செய்யச் சொல்கிற ஹவுஸ் ஓனரை நினைத்துக்கொள்ளுங்கள்.

விதிகளைப் படித்தால் வக்கீல்களுக்கே தலை சுற்றும். தன்பாலீர்ப்பாளர் பாருக்குப் போகலாம், அதுமட்டும் ஆதாரம் ஆகாது. அவர்களுடைய பத்திரிகையைப் படிக்கலாம். சீருடையில்லாமல் ஊர்வலத்தில் நடக்கலாம். ஆனால் ‘நான் இப்படி’ என்று வாய் திறந்தால் போச்சு. உறவு வைத்துக்கொள்ளும் உத்தேசம் உனக்கு உண்டு என்று பட்டாளம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும். இன்னொரு ஷரத்து இன்னும் ருசியானது. ஒருமுறை தவறு நடந்துவிட்டது, என் வழக்கமான குணம் அதுவல்ல, இனி நடக்காது என்று காட்டினால் மன்னிப்பு உண்டு. படைக்காரர்கள் இதற்கு ‘ஒருநாள் ராணி’ என்று பேர் வைத்திருந்தார்கள். மழையில் வழுக்கி விழுந்தவனுக்குப் பட்டாளம் கைகொடுக்கும். தெரிந்து நடந்தவனுக்குத்தான் வேலை போகும்.

இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 1994-ல். அதே வருடம் ஒஹாயோவில் விமானப்படையின் ரைட் ஆய்வுக்கூடம் ஒரு திட்டம் எழுதி, 75 லட்சம் டாலர் கேட்டது. எதிரிப் படைமேல் ஒரு ரசாயனத்தைத் தெளிப்பது. அது மூக்கில் ஏறியதும் எதிரிச் சிப்பாய்கள் ஒருவர்மேல் ஒருவர் மோகம்கொண்டு, துப்பாக்கியைப் போட்டுவிட்டு… மீதியை ஆய்வுக்கூடம் நாகரிகமாக விட்டிருந்தது. கொஞ்சம் அருவருப்பானது, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று சிபாரிசு வேறு. யோசித்துப் பாருங்கள். ஒரு மாடியில், தன்பாலீர்ப்பு படையின் ஒற்றுமையைக் கெடுக்கும் என்று ஆட்களை வெளியேற்றுகிறார்கள். இன்னொரு மாடியில் அதையே டப்பாவில் அடைத்து எதிரிமேல் போட பட்ஜெட் கேட்கிறார்கள். திட்டம் பணம் இல்லாமல் படுத்துவிட்டது. ஆனால் 2007-ல் அதற்கு இக் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது, கேலிக்குக் கொடுக்கும் பரிசு. வாங்கிக்கொள்ள விமானப்படையிலிருந்து யாரும் வரவில்லை.

சிரிப்பு இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுகிறது. 2001 செப்டம்பர் 10 அன்று ஒட்டுக்கேட்ட அரபுப் பேச்சு ஒன்று, ‘நாளைதான் அந்த நேரம்’ என்ற பொருளில் இருந்தது. மொழிபெயர்த்து முடித்தது 12-ம் தேதி. அரபு தெரிந்தவர்கள் போதவில்லை என்று அரசாங்கமே கைபிசைந்தது. அப்படியிருந்தும் மான்டெரேயில் ராணுவ மொழிப் பள்ளியில் அரபு படித்துக்கொண்டிருந்தவர்களை, விரும்புவது ஆணையா பெண்ணையா என்று பார்த்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2005-ல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தபோது, வெளியேற்றப்பட்ட அரபு தெரிந்தவர்கள் மட்டும் 54 பேர். போனவர்களுக்குப் பதிலாக ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க, பத்து நிதியாண்டுகளில் ஆன செலவு 19 கோடி டாலருக்கு மேல். 2003-ல் ஈராக் போர் தொடங்கியபோது முதலில் படுகாயமடைந்த அமெரிக்க வீரர் எரிக் ஆல்வா. கண்ணிவெடியில் வலதுகால் போயிற்று. அவர் தன்பாலீர்ப்பாளர். கண்ணிவெடியும் அவரை எதுவும் கேட்கவில்லை.

2010-ல் மறுபடியும் ஒரு கேள்வித்தாள். ‘கேட்காதே’ என்ற சட்டத்தை எடுக்கலாமா என்று நாலு லட்சம் பேரிடம் கேட்டார்கள். நூற்றுச் சொச்சம் கேள்விகள். ஷவர் பயம் அப்போதும் போகவில்லை: நீ குளிக்கும் பொதுக் குளியலறையில் தன்பாலீர்ப்பாளர் ஒருவரும் குளித்தால் என்ன செய்வாய்? சும்மா இருப்பேன், வேறு நேரத்தில் குளிப்பேன், பாதிரியாரிடம் பேசுவேன் என்று டிக் அடிக்கக் கட்டங்கள். பதில் அனுப்பியவர்களில் 70 சதவீதம் பேருக்குப் பெரிய கவலை எதுவும் இருக்கவில்லை. அதற்குள் ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர், 1995-ல் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் டச்சுப் படை கோட்டைவிட்டதற்கு அதிலிருந்த தன்பாலீர்ப்பாளர்களும் காரணம் என்று செனட்டில் உளறி, நெதர்லாந்தே கொதித்தெழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். மரீன் தளபதி ஆமோஸ், சட்டத்தை எடுத்தால் கவனம் சிதறி உயிர்ச்சேதம் வரும் என்றார். டிசம்பர் 18-ல் செனட் 65-க்கு 31 என்று ஓட்டுப் போட்டது. ஒபாமா கையெழுத்திட்டார். 2011 செப்டம்பர் 20-ல் தடை போனது. ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆமோஸே இரண்டு மாதத்தில், பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த 2011 டிசம்பரில் வர்ஜீனியா கடற்கரைக்கு ‘ஓக் ஹில்’ என்ற கப்பல் எண்பது நாள் பயணம் முடிந்து திரும்பியது. கரைக்கு வரும் கப்பலிலிருந்து முதலில் இறங்கி, காத்திருக்கும் துணையை முத்தமிடும் உரிமையைக் குலுக்கலில் கொடுப்பது கடற்படையின் பழைய வழக்கம். டிக்கெட் ஒரு டாலர், வசூல் குழந்தைகளின் கிறிஸ்துமஸ் விழாவுக்கு. ஒரு பெண் மாலுமி ஐம்பது டிக்கெட் வாங்கி ஜெயித்தார். கரையில் காத்திருந்ததும் ஒரு பெண், அவரும் கடற்படைக்காரர். முத்தமிட்டார்கள். கூட்டம் விசிலடித்துக் கொடியாட்டியது. கப்பல் மூழ்கவில்லை.

வேட்டை அத்தோடு ஓய்ந்தது என்று நினைத்தால், 2017-ல் ட்ரம்ப் திருநர்கள்மேல் கைவைத்தார். அவர் போட்ட தடையைப் பைடன் எடுத்தார், 2025-ல் ட்ரம்ப் திரும்பவும் போட்டார். காரணம் மட்டும் பழைய ஃபைலிலிருந்து எடுத்ததுதான்: படையின் ஒற்றுமை.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கூத்து என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். நம் உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவின் பல்லைப் பிடுங்கியது 2018 செப்டம்பரில். நாலே மாதத்தில், ராணுவத்தில் இதையெல்லாம் அனுமதிக்க மாட்டோம் என்றார் அப்போதைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத். தன்பாலீர்ப்பாளரான ஒரு ராணுவ மேஜரின் கதையைப் படமாக்க இயக்குநர் ஓனிர் பாதுகாப்பு அமைச்சகத்திடம் அனுமதி கேட்டிருந்தார். தர முடியாது என்று 2022 ஜனவரியில் பதில் வந்தது.